தலையில் கட்டி: எத்தனை நாளாய்?

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆன பிறகு, முப்பத்து நாலு வருடம் நான் வேலை செய்த பெங்களூர் ஆஸ்பத்திரி லேபிலிருந்து போன் வந்தது. புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறார்களாம். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சிலைடை உள்ளே வைத்தால் போதும், அதுவே படம் பிடித்து, அதுவே பார்த்து, கட்டி நல்லதா கெட்டதா என்று அதுவே சொல்லிவிடுமாம். திறப்பு விழாவில் பழைய டெக்னீஷியன் ஒருத்தி குத்துவிளக்கு ஏற்றினால் நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வேலையில் இருந்தபோது, எரியாத டியூப் லைட்டை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இப்போது விளக்கேற்ற கார் அனுப்புகிறோம் என்றார்கள். கார் வேண்டாம், வழக்கம்போல ரயிலிலேயே வருகிறேன் என்றேன்.

விளக்கு ஏற்றியாயிற்று. இயந்திரம் விற்ற கம்பெனிக்காரர், டை கட்டியவர், "பழைய சிலைடு ஏதாவது ஒன்று கொடுங்கள், காட்டுகிறேன்" என்றார். ஜூனியர் பெண் ஒருத்தி அலமாரியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தாள். இயந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. பெரிய திரையில் ஊதாவும் ரோஸுமாகச் சதை விரிந்தது. ஓரத்தில் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பி, கெட்ட கட்டி, அவசரம் என்று மின்னியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சிலைடின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்த எண் என் கையெழுத்து, எனக்கு மறக்காத எண். அந்தக் கெட்ட கட்டிக்குச் சொந்தக்காரி மாரிகுப்பத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம்கூட ரயிலில் எதிரே உட்கார்ந்து என் முழங்காலை உதைத்துக்கொண்டே வந்தாள்.

ஏன் மேடம் சிரித்தீர்கள் என்று ஜூனியர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். நின்றபடி சொல்கிற சிரிப்பில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். ஆண்டு மலரில் போடுவார்களாம். வெட்டாமல் போடுகிறார்களா பார்ப்போம்.

என் பெயர் சகுந்தலா. ஊர் கே.ஜி.எஃப்.பில் சாம்பியன் ரீப்ஸ். அப்பா தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் இறங்கி வேலை பார்த்தவர். "இந்த வூட்ல ஒருத்தராச்சும் தரைக்கு மேல வேலை செய்யணும்" என்பது அவருடைய ஒரே லட்சியம். அதற்காகவே என்னை லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தார். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. லேப் இருந்தது பேஸ்மென்டில், ஜன்னலே கிடையாது. அப்பாவிடம் அதைக் கடைசிவரை நான் சொல்லவில்லை.

வேலை பழகின காலத்தைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் ஃபார்மலின் நெடியில் அழுதேன். அடுத்த ஆறு மாதம் பிளேடில் விரலை அறுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் சம்பளம் உறுதியானது.

ஆஸ்பத்திரியில் அறுக்கிற டாக்டரை எல்லோருக்கும் தெரியும். அறுத்ததை மறுபடி அறுக்கிறவளை யாருக்கும் தெரியாது. மேலே தியேட்டரில் எடுத்த சதைத் துண்டு ஃபார்மலின் பாட்டிலில் கீழே வரும். அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்து, மெழுகை ஏற்றி, சின்ன மெழுகுக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை ஐஸில் குளிரவைத்து, சீவும் இயந்திரத்தில் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினால், வெங்காயச் சருகைவிட மெல்லிசாக நாடா நாடாவாகச் சீவல் வரும். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் சிலைடில் ஏந்தி, சாயம் போட்டு டாக்டர் முன்னால் வைப்போம். அவர் பார்த்து எழுதுகிற இரண்டு வரியில்தான் மேலே இருக்கிறவர்களின் வீரமெல்லாம் தொடங்கும்.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியாது, புரிய வைக்க நானும் முயலவில்லை. பேஸ்மென்டில் மெழுகு சீவுகிற எனக்கு, பங்காருபேட்டை தாண்டி வண்டி கே.ஜி.எஃப். பக்கம் திரும்பினால் டாக்டர் பட்டம். லேடீஸ் பெட்டியில் எனக்கு முன்னால் நீட்டப்பட்ட ரிப்போர்ட்டுகளையும் நாக்குகளையும் எண்ண முடியாது. கையிலிருந்த டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஒருத்தியின் கால் ஆணியைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

தலையில் வருகிற கட்டிகளைப் பற்றி எங்கள் ஊருக்கென்று ஒரு மருத்துவ சாஸ்திரம் உண்டு. சுரங்கத்தில் கூரை தாழ்வு. மூன்று தலைமுறை ஆண்கள் கேஜ் என்கிற கூண்டில் இறங்கி, லெவல் என்கிற குடைவில் குனிந்து நடந்து, நிமிரும்போதெல்லாம் மண்டையை இடித்துக்கொண்டவர்கள். ஆகவே தலையில் எது புடைத்தாலும் ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எங்க இட்ச்சிக்கின?" என்றுதான் கேட்பார்கள். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடமாயிற்று, கேள்வி மட்டும் இன்னும் ஷிஃப்டில் இருக்கிறது. கொழுப்புக் கட்டி, சீழ்க் கட்டி, பிறவி மச்சம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஒரு கதவு நிலையோ பைப்போ பொறுப்பேற்கும்.

இந்தச் சாஸ்திரத்தை நான் கிண்டல் செய்துகொண்டே அதில் முழுகியிருந்தேன் என்பது ஆறுமுகம் மாமா விஷயத்தில் தெரிந்தது. எங்கள் பக்கத்து லைன் வீட்டுக்காரர். சுரங்கம் மூடினதும் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். ஒருநாள் காலை சாம்பியன் ஸ்டேஷனில் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். நெற்றிக்கு மேலே, முடி தொடங்குகிற இடத்தில், ஊதாவாக ஒரு திட்டு. அஞ்சு ரூபாய்க் காசு அளவு.

"கேட்ல இட்ச்சிக்கினேம்மா" என்றார்.

"சுரங்கத்துல தப்பிச்ச தலைய கேட்ல குடுத்துட்டியா மாமா" என்று கிண்டல் செய்தேன். கன்னிப்போயிருக்கு, ஐஸ் வை, சரியாப்பூடும் என்றேன். வண்டி வந்துவிட்டது. இரண்டு பேரும் ஏறிவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து அவர் பெயர் எழுதிய பாட்டில் எங்கள் லேபுக்கு வந்தது. நானே சீவினேன். அது கன்னிப்போனதில்லை. ரத்தக் குழாயின் சுவரிலிருந்து கிளம்புகிற புற்று, ஆஞ்சியோசார்கோமா என்று பெயர். வயதானவர்களின் தலைத் தோலில், பட்ட காயம்போலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும். மிக அபூர்வம். எங்கள் லேபில் பத்து வருடத்தில் அது இரண்டாவது. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்னாலேயே மாமா போய்விட்டார். அவர் மனைவி ராஜம்மா அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்றிலிருந்து ரயிலில் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம் ஆஸ்பத்திரி ரூல் என்றேன். ரூலெல்லாம் ஒன்றும் இல்லை. பயம்.

இனி எங்கள் சீஃப். திசு பார்க்கிற பெரிய டாக்டர். தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், பேசுகிற தமிழிலும் கன்னடம் கலந்து வரும், குள்ளம், காலர் தேய்ந்த சட்டை. எட்டு பத்துக்கு வருவார். அட்டெண்டரோடு பை-டூ காபி, ஒரு காபியை இரண்டு டம்ளரில். அப்புறம் மைக்ராஸ்கோப் லென்ஸை வேட்டித் துணியில் துடைப்பார். சிலைடைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கூட வந்த ஃபாரத்தைப் படிப்பார். வயசு, இடம், எத்தனை நாளாய். இந்த மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் சிலைடைத் தொட மாட்டார்.

"நாள் தெரியாம சிலைடு பாக்கிறதுக்கு ஜோசியம்னு பேருரீ. அதுக்கு நான் எதுக்கு, கிளி போதும்" என்பார்.

ஃபாரம் நாலு மாடி ஏறித் திரும்பிப் போகும். சர்ஜன்களுக்கு ஆத்திரமாக வரும். ஒருவர் 'நீண்ட நாளாய்' என்று எழுதி அனுப்பினார். 'எவ்வளவு நீளம்?' என்று அடியில் எழுதித் திருப்பினார் சீஃப். இன்னொருவர் 'நோயாளியைக் கேட்கவும்' என்று எழுதினார். 'நோயாளி நாலாவது மாடி, நான் பேஸ்மென்ட், நடுவில் நீங்கள்' என்று பதில் போனது. அட்டெண்டருக்கு மட்டும் கால் வலி.

பார்க்கும் முறையும் அப்படித்தான். முதலில் சிலைடை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கி வெறும் கண்ணால் பார்ப்பார். அப்புறம் சின்ன லென்ஸில் மேய்ந்துகொண்டே இருப்பார். மற்ற டாக்டர்கள் நேரே பெரிய லென்ஸுக்குத் தாவுவார்கள். இவர் ஊரைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். கூடவே "நோடோணா" என்று ஒரு முணுமுணுப்பு. பார்ப்போம் என்று அர்த்தம். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான்.

இப்போது அந்தச் சிலைடுக்கு வருகிறேன். பதினோரு மாதக் குழந்தை, பெயர் தன்யா. இடது காதுக்கு மேலே மண்டையில் பாதி எலுமிச்சை அளவு கட்டி. ஸ்கேனில் கட்டிக்கு அடியில் மண்டை எலும்பு அரித்துப்போய்க் கிடந்தது. கட்டி எலும்பில் பிறந்ததில்லை, எலும்பின் மேலே போர்த்தியிருக்கிற சவ்வில் பிறந்து கீழே பள்ளம் பறித்திருந்தது. ஃபாரத்தில் மூன்று கட்டமும் அழகாக நிரம்பியிருந்தன. எத்தனை நாளாய் என்ற இடத்தில், பிறந்ததிலிருந்தே, மெல்ல வளர்கிறது.

புளியங்கொட்டை அளவு இரண்டு துண்டு வந்தது. ஒன்றில் எலும்புச் சில்லு ஒட்டியிருந்தது. எலும்பு இருந்தால் பிளேடு பல்லிளித்துவிடும். அதனால் அதை மட்டும் தனியாக அமிலத்தில் ஊறவைத்து, ஊசியால் குத்திக் குத்திப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைவாக ஊறினால் கிழியும், கூடிப்போனால் சாயம் ஏறாது. அடுத்த நாள் சீவிக் கொடுத்தேன்.

சீஃப் அன்று காபியை ஆற விட்டார். என்னைக் கூப்பிட்டு இரண்டு பேர் பார்க்கிற மைக்ராஸ்கோப்பின் மறுபக்கம் உட்காரச் சொன்னார். நீள நீளமான செல்கள், நெருக்கியடித்துக்கொண்டு. திரும்பின பக்கமெல்லாம் ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகிக்கொண்டிருந்தது. இவ்வளவு வேகமாகப் பெருகினால் புற்று என்று நர்சிங் படிக்கிற பெண்கூடச் சொல்லிவிடும்.

"கூட்டம் ஜாஸ்தி" என்றார் சீஃப். "ஆனா பாருங்க சகுந்தலா, ஒருத்தன் முகத்துலயும் ரவுடிக் களை இல்ல. சும்னே கூடியிருக்காங்க."

"அப்ப நல்ல கட்டியா சார்?"

"சிலைடு அப்படித்தான் சொல்லுது. ஃபாரம் வேற சொல்லுது. பிறந்ததிலிருந்தே இருக்கு, எலும்பைத் தின்னுது, இப்படிப் பெருகுதுன்னா அது கைக்குழந்தைக்கு வர்ற சார்கோமா. கெட்டது. இதே செல்லு, இதே கூட்டம், ஆனா ஒரு மாசத்துல திடீர்னு வந்ததுன்னா வேற வியாதி. அதுல சாவே இல்ல."

அந்த வேறு வியாதிக்கு கிரேனியல் ஃபேசியைட்டிஸ் என்று பெயர். மண்டையின் மேல் சவ்வு என்னவோ கோபத்தில் விறுவிறுவென்று புடைத்துக்கொள்ளும். புற்றுபோல ஆட்டம் காட்டும், புற்று கிடையாது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் குழந்தை வீட்டுக்குப் போய்விடும். சார்கோமா என்றால் கதை வேறு. முதலில் கீமோ, பிறகு மண்டை எலும்பில் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஜீன் சோதனை உண்டு. வேறு ஊருக்கு அனுப்பி, பதில் வர மூன்று வாரம் ஆகும்.

குழந்தைகள் புற்றுநோய் டாக்டருக்கு மூன்று வாரம் பொறுமை இல்லை. இளைஞர், கெட்டிக்காரர், தாம் கெட்டிக்காரர் என்பது நமக்கு மறந்துவிடுமோ என்ற கவலையும் உள்ளவர். பேஸ்மென்டுக்கு வரும்போது மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொள்வார். "கட்டி நாளுக்கு நாள் பெருசாகுது சார். வெள்ளிக்கிழமை மீட்டிங். திங்கட்கிழமை கீமோ ஆரம்பிக்கணும். ரிப்போர்ட் குடுங்க" என்றார். மெல்ல வளர்கிறது என்று ஃபாரத்தில் எழுதியிருப்பதும் நாளுக்கு நாள் பெரிதாகிறது என்று அவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்று சீஃப் சொல்லிப் பார்த்தார். வரலாறு பழைய ரிப்போர்ட்டில் தெளிவாக இருக்கிறது என்றார் அவர். பழைய ரிப்போர்ட் எங்கள் ஊர் நர்சிங் ஹோம் சீட்டைப் பார்த்து எழுதியது. அந்தச் சீட்டு, தாய் சொன்னதைக் கேட்டு எழுதியது. மூன்று தாளில் ஒரே வாக்கியம் இருந்தால் அது மூன்று சாட்சி ஆகிவிடுகிறது.

அது புதன்கிழமை. சாயங்கால வண்டியில், எனக்கு எதிர் சீட்டில் ஒரு பெண் குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தைக்குக் கம்பளிக் குல்லா. கையில் எங்கள் ஆஸ்பத்திரியின் பச்சை ஃபைல். அதில் பெயர் தன்யா. காலையில் என் விரலில் ஒட்டிய சீவலின் சொந்தக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் இரண்டுதான் முளைத்திருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழக்கமான ரூல்.

பெட்டியில் யார்தான் சும்மா இருப்பார்கள். "இன்னாம்மா கொழந்தைக்கி? எங்க இட்ச்சிக்கிச்சி?" என்று மூன்று பேர் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"எங்கியும் இல்லக்கா. பொறந்ததுலருந்தே கீது" என்றாள் ரேகா. அந்தப் பெண்ணின் பெயர் அதுதான். மாரிகுப்பம். சட்டென்று சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

பங்காருபேட்டையில் பாதிப் பேர் இறங்கிப்போனார்கள். குழந்தை தூங்கிவிட்டது. ரேகா போனை எடுத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது. என்னைத் தவிர பக்கத்தில் ஆள் இல்லை. போனை என் பக்கம் திருப்பினாள். "எப்பிடி இருந்தா பாருங்கக்கா" என்றாள்.

குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்த படம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை அழுதுகொண்டிருந்தது. தலை முழுக்கச் சந்தனம். இடது பக்கம் கேமராவுக்கு நேரே இருந்தது. வழித்துவிட்ட மாதிரி வழுவழுவென்ற மண்டை. காதுக்கு மேலே ஒன்றுமே இல்லை.

"இது எப்ப எடுத்தது?" என்றேன்.

"ஆறு வாரம் இருக்கும்" என்று சொன்னவள் நிறுத்திக்கொண்டாள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதை வண்டியில் யாரோ அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். போனை மடியில் கவிழ்த்தாள்.

கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் விஷயம் வந்துவிட்டது. மொட்டை முடிந்து எழுந்திருக்கும்போது, சந்தன ஈரத்தில் வழுக்கி, குழந்தை அண்ணன் கையிலிருந்து நழுவிவிட்டது. தலை கல்லில் பட்டது. அவளும் அண்ணன் முருகனும் மட்டும் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் கட்டி கிளம்பியது. புருஷன் வீட்டுக்கும் அண்ணனுக்கும் ஏற்கெனவே ஆகாது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மண்டையை உடைத்தான் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் வாசப்படி மிதிக்க விடமாட்டார்கள். அதனால் பிறந்ததிலிருந்தே சின்னதாக இருந்தது, யாரும் கவனிக்கவில்லை என்று வீட்டிலும் சொல்லிவைத்திருந்தாள்.

"எங்கம்மா வூட்டு பக்கம் எனக்கு அண்ணன் ஒருத்தன்தாங்க்கா. சொல்லிடாதீங்கக்கா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டினேன். அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்கும் தெரியும்.

இதில் இருக்கிற கேலியைப் பாருங்கள். தலைவலிக்கும் தாழ்வாரத்தையே குற்றம் சொல்கிற ஊரில், ஒரே ஒரு குழந்தை நிஜமாகவே இடித்துக்கொண்டது. அதைச் சொல்லத்தான் ஊரில் ஆள் இல்லை.

மறுநாள் காலை எட்டு பத்துக்கு சீஃப் முன்னால் நின்றேன். பை-டூ காபி கூட ஆகவில்லை. இடித்துக்கொண்டது சார் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, அவ்வளவு வருடம் அந்த வார்த்தையைக் கிண்டல் செய்தவள் நான். சொல்லி முடித்தேன்.

"இடிச்சா இது வருமா வராதா, யாருக்கும் சரியாத் தெரியாது" என்றார். "எனக்கு இடி பேடா. தேதி வேணும். அந்தப் படத்துல தேதி இருக்கா?"

"போன்ல இருக்கு சார்."

நான் பார்த்து நாலாவது மாடிக்கு சீஃப் ஏறினது அன்று ஒரு நாள்தான். லிஃப்டில் போகவில்லை, எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாதாம். கீமோவுக்கு முந்தைய சோதனைகளுக்காக வந்திருந்த ரேகாவும் அவள் புருஷன் சுரேஷும் வராந்தா பெஞ்சில் இருந்தார்கள். அவர் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் ரேகாவின் முகம் செத்துப்போனது. அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

சீஃப் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, நான் டாக்டர். பேஸ்மென்ட்ல இருக்கேன், யார்கிட்டயும் பேச மாட்டேன்" என்றார். "திங்கட்கிழமை குழந்தைக்குப் பெரிய மருந்து ஏத்தப் போறாங்க. அது தேவையா இல்லையான்னு எனக்குச் சந்தேகம். ஒரே ஒரு கேள்வி. எத்தனை நாளாய்?"

ரேகா புருஷனைப் பார்த்தாள். அப்புறம் குல்லாவை எடுத்துக் குழந்தையின் தலையைப் பார்த்தாள். போனை எடுத்து நீட்டினாள். "மொட்டை அன்னிக்கி இல்ல சார். எங்கண்ணன் கையிலருந்து வுயுந்துட்டா. நான்தான் மறைச்சேன்" என்றாள்.

புருஷன் கத்துவான் என்று நான் நடுவில் நகர்ந்து நின்றேன். சுரேஷ் கத்தவில்லை. சுவரைப் பார்த்தபடி, "மொட்டைக்கு அப்பால நாலு நாள்ல வண்டி டேங்க் மேல உக்கார வெச்சிருந்தேன் சார். ஸ்டாண்டு சரியா போடல. சாஞ்சி, கொழந்த தல தரைல பட்டுடுச்சி. இவளுக்குத் தெரிஞ்சா இவங்கண்ணன் என்ன ஒரு வழி பண்ணிடுவான்னு, பொறந்ததுலருந்தேன்னு நானும் சொல்லிட்டேன்" என்றான்.

இரண்டு பேரும் மற்றவரின் இடி தெரியாமலே, ஒரே பொய்யை, ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்கள் அதை இரண்டு தரப்பும் உறுதிப்படுத்திய வரலாறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சீஃப் தேய்ந்த காலரைத் தடவிக்கொண்டார். "ஒரு தலை, ரெண்டு இடி, ரெண்டு பொய்" என்றார். படத்தின் தேதியைத் தம் கையிலேயே ஃபாரத்தில் எழுதினார். பிறந்ததிலிருந்தே என்பதை அடித்தார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் இளைய டாக்டர் போன் படமெல்லாம் சாட்சியாகுமா என்று கேட்டாராம். தாய் சொன்ன பொய்யை நம்பினீர்கள், படத்தை நம்ப மாட்டீர்களா என்றாராம் சீஃப். கடைசியில் கீமோவை நிறுத்திவைத்து, கட்டியை மட்டும் எடுத்து முழுசாக லேபுக்கு அனுப்புவது என்று முடிவானது. தோலைத் திறந்தால், கட்டி பெரிய சண்டை போடாமல் எலும்பிலிருந்து கழன்று வந்துவிட்டது என்று தியேட்டர் நர்ஸ் சொன்னாள். அரித்த பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். முழுக் கட்டியை நான் ஒன்பது பாகமாக்கி ஒன்பதையும் சீவினேன். கூட்டம்தான், ரவுடி ஒருவனும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஜீன் சோதனையும் அதையே சொன்னது. இளைய டாக்டர் அதை ஒரு மாநாட்டில் படம் போட்டுப் பேசினார். தமக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்ததாம்.

ரேகா ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. வேறு பெட்டியில் ஏறினாள். அவள் கணக்கில் நான் தலையாட்டிவிட்டுக் காட்டிக்கொடுத்தவள், அதில் பொய் இல்லை. ஆளுக்கு ஓர் இடி என்று ஆனதால் இரண்டு குடும்பமும் அதிகம் சத்தம் போட முடியாமல் சமாதானமானது. அப்புறம் ஒருநாள், காதுக்கு மேல் பிறை மாதிரித் தழும்போடு நடக்கப் பழகிய தன்யாவை என் மடியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் மட்டும் இதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். "பெங்களூர் பெரிய டாக்டரே சொல்ட்டாரு, இடிதான்."

விழா முடிந்து அன்று சாயங்காலம் வண்டியில் இந்த இயந்திரக் கதையைச் சொன்னேன். ஃபாரத்தைக் கேட்காமலேயே பதில் சொல்லிற்று என்றேன். பெண்கள் சிரித்தார்கள். ஜன்னலோரம் ராஜம்மா அத்தை, பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் ஊர்காம் ஸ்டேஷனில் இறங்கின பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சகு, அந்தப் பாப்பாக்கு இடிதானே. அப்ப எங்க வூட்டுக்காரருக்கும் இடிதானே? நீ அன்னிக்கி ஐஸு வெக்கச் சொன்ன. அது சரிதானே?"

எனக்காகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது வருடப் பாரம் இறங்கிப் போய்விடும்.

"இல்ல அத்த" என்றேன். "அது இடி இல்ல. அன்னிக்கே மாமாவ கையோட இட்டுனு போயிருக்கணும். நான் தப்பா சொல்லிட்டேன்." சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வேகம் குறைந்தது.

"அவரு கேட்ல இட்ச்சிக்கவே இல்ல" என்றார். "அதுக்கு முந்தியே மூணு மாசமா இருந்திச்சி. ஆஸ்பத்திரின்னா பயம் அவருக்கு. அதான் கேட்டு மேல பழியப் போட்டாரு. எனக்குத் தெரியும்."

"எங்கிட்ட அப்பவே ஏன் அத்த சொல்லல?"

சாம்பியன் வந்துவிட்டது. அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"எத்தினி நாளா கீதுன்னு நீ கேக்கவே இல்லியே சகு" என்றார்.